தாயார் உட்பட

உக்காருங்க அண்ணாச்சி. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. மகன் எங்க, பக்கெட்டு வாங்கப் போயிருக்கானா? மூடி உள்ளதா வாங்கச் சொன்னீயளா? மூடி இல்லைன்னா பக்கத்து ரூம்காரன் அதுல அவன் துணியை ஊறப்போட்டுருவான். கேட்டா மாறிப் போச்சும்பான்.

மொகம் ஏன் இப்படி இருக்குன்னு எனக்குத் தெரியும். வீட்டம்மாவை வாட்ச்மேன் தாவீது அண்ணன் கேட்டுலயே நிப்பாட்டிட்டாரு, அதான? பெத்த தாயி மகன் படுக்கப்போற கட்டிலைப் பாக்கக் கூடாதா, இது ஆஸ்டலா ஜெயிலான்னு நீங்க அவருகிட்ட சத்தம் போட்டது இங்க வரைக்கும் கேட்டுது. அவரு மேல தப்பு இல்ல. அந்த போர்டு நான் எழுதிப் போட்டது. வாசகமும் என்னுதுதான். ‘பெண்களுக்கு, தாயார் உட்பட, கேட்டுக்கு உள்ளே அனுமதி இல்லை.’ அந்த ‘தாயார் உட்பட’ எழுதும்போது எனக்கே கொஞ்சம் பெருமையா இருந்துது, ஒரு சந்து பொந்து விடாம அடைச்சுட்டோம்னு.

உங்க வீட்டம்மாவாவது கேட்டுக்கு வெளிய மரத்து நிழல்ல பெஞ்சுல உக்காந்திருக்காவ. நான் கட்டிக்கிட இருந்த பொண்ணையே அதே மரத்தடியில நிப்பாட்டினவன் அண்ணாச்சி நான். சிரிப்பு வருதுல்லா? சிரிங்க. டீ வர நேரமாகும், அதுவரைக்கும் சொல்லுதேன்.

என் பேரு ஆவுடையப்பன். காலேஜ்ல கெமிஸ்ட்ரி நடத்துதேன், இங்க ரெசிடென்ட் வார்டன். ரெசிடென்ட்னா இங்கனயே கெடக்கணும். பயலுவளுக்கு முன்ன எந்திரிக்கணும், அவனுவ படுத்த பொறவுதான் படுக்கணும். காலையில விசில் ஊதி எழுப்புவேன். முதல் விசிலுக்கு ஒருத்தனும் அசைய மாட்டான். ரெண்டாவதுக்குப் புரண்டு படுப்பான். மூணாவதுக்குத்தான் கதவு தெறக்கும். அதனால எனக்குப் பேரு குக்கர். உங்க மகனும் ஒரு வாரத்துல அப்படித்தான் சொல்லப்போறான், கண்டுக்கிடாதீங்க. நான் படியேறினா முத ரூம்ல இருந்து ‘உஸ்ஸ்’னு ஒரு சத்தம் வரும், மாடியே அமைதியாயிரும். ரொம்ப நாளா அதை என் மேல உள்ள பயம்னு நெனைச்சுக்கிட்டு நெஞ்சை நிமித்திக்கிட்டு நடந்திருக்கேன். பொறவுதான் தெரிஞ்சுது, அது குக்கர் வருதுன்னு சிக்னல்.

அந்த ரூலும் சும்மா வரல. முன்னால ஒரு வருஷம் ஒரு அம்மா அதிரசம் கொண்டுக்கிட்டு நேரா முதல் மாடிக்கு ஏறிட்டாவ. குளிக்கிற நேரம். பயலுவ பூரா துண்டோட வராந்தாவுல நிக்கான். ஒருத்தன் வெக்கப்பட்டு ஓடினதுல வழுக்கி விழுந்து கை ஒடிஞ்சு போச்சு. யாரு கை? அந்த அம்மா பெத்த மகன் கைதான். அன்னைக்குச் சாயங்காலமே பெயிண்ட் வாங்கி எழுதிட்டேன். நான் கண்டிப்பான ஆளு பாத்துக்கிடுங்க. அப்படித்தான் நான் நெனைச்சிருக்கேன்.

அப்ப எனக்கு முப்பத்தெட்டு வயசு. முன் தலையில முடி கிடையாது, வயிறு மட்டும் மெஸ் சாப்பாட்டுக்கு நன்றியோட வளந்திருந்துது. எங்க அக்கா சிவகாமி தென்காசியில இருக்கா, அவதான் விடாம பொண்ணு தேடுவா. வாரவியல்லாம் கேக்குற கேள்வி ஒண்ணுதான், மாப்பிள்ளைக்கு வீடு எங்க. அம்மா போன பொறவு ஊர்ல இருந்த வீட்டை வித்தாச்சு. எனக்குன்னு இருக்கது இந்த ரூம்தான். கட்டில், மேசை, அலமாரி, விசில். தம்பி ஆஸ்டல்ல இருக்கான்னு அக்கா சொல்லுவா. இன்னுமா படிச்சிக்கிட்டு இருக்காருன்னு கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிருவாவ.

அப்படிப் போகாம உக்காந்து கேட்டது ஒரே ஒரு குடும்பம். கழுகுமலை. பொண்ணு பேரு சண்முகவடிவு, அங்க போஸ்டாபீஸ்ல வேலை. அவளுக்கும் ஏதேதோ காரணத்துல கல்யாணம் தள்ளித் தள்ளிப் போயிருந்துது. அப்பா பேச்சிமுத்து, பஸ் டெப்போவுல டைம் கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனவரு.

பொண்ணு பாக்கப் போனோம். பஜ்ஜி, காபி எல்லாம் ஆச்சு. சாப்பிட்ட தட்டை நானே எடுத்துக்கிட்டுப் போயி கழுவி வச்சிட்டேன். மெஸ் பழக்கம், கை தானா எடுத்துருச்சு. அவிய அம்மா அடுக்களையில நின்னு என்னை ஒரு பார்வை பாத்தாவ. அதுக்குப் பொறவு ரெண்டு பேரும் பேசிட்டு வாங்கன்னு மாடிக்கு அனுப்பினாவ. எனக்குப் பொண்ணுங்ககிட்ட பேசி என்ன பழக்கம்? புதுசா ஒரு ஆளு முன்னால வந்து நின்னா எனக்கு வாயில வாரது அட்மிஷன் அன்னைக்குக் கேக்குற கேள்விதான். கேட்டுட்டேன் அண்ணாச்சி. சாப்பாடு சைவமா அசைவமா? மூச்சுத் திணறல், வலிப்பு ஏதும் உண்டா? தூக்கத்துல எந்திரிச்சு நடக்கிற பழக்கம் உண்டா?

அவ ஒவ்வொண்ணுக்கும் நிதானமா பதில் சொன்னா. அசைவம். இல்ல. இல்ல. கடைசியா, அவசரத்துக்குக் கூப்பிட ஒரு நம்பர் சொல்லுங்கன்னேன். அப்பதான் சிரிச்சா.

“நம்பர் வாங்கதுக்கு இப்படி ஒரு வழி இருக்குன்னு எனக்குத் தெரியாது சார்”னா.

நான் வழி ஒண்ணும் பாக்கல. எல்லாருகிட்டயும் கேக்கதைத்தான் கேட்டேன். ஆனா அந்தச் சிரிப்பு எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. உள்ளதைச் சொல்லுதேன், கீழ இறங்கும்போது எத்தனை படி இறங்கினேன்னே தெரியல. 

அதுக்குப் பொறவு ஃபோன்ல பேச ஆரம்பிச்சோம். மத்தவன்லாம் இந்த மாதிரி நேரத்துல என்ன பேசுவான்னு எனக்குத் தெரியாது. நான் ஆஸ்டல் கதையைத்தான் சொல்லுவேன். எவனுக்குக் காய்ச்சல், எவன் ஊர் ஞாபகத்துல அழுதான், எவன் தோசை கருகிப் போச்சுன்னு தட்டைத் தூக்கிப் போட்டான். அவ அலுக்காம கேப்பா. கொஞ்ச நாள்ல அவளே எனக்கு முன்னால கேப்பா, செல்வினுக்கும் மெஸ் மாஸ்டருக்கும் சண்டை தீந்துதா, அந்த அம்மை போட்ட பையன் ஊர்ல இருந்து திரும்பிட்டானா. செல்வின் நாசரேத்துப் பையன், அப்ப மெஸ் செகரட்டரி. இவ்வளவு பேரையும் பாக்காமலே பேர் சொல்லிக் கேட்ட பொண்ணு அண்ணாச்சி அவ.

எங்க கரஸ்பாண்டென்ட் விஷயத்தைக் கேள்விப்பட்டு, கல்யாணத்தை முடிங்க, குவார்ட்டர்ஸ் தாரேன்னுட்டாரு. கேண்டீனுக்குப் பின்னால ஒரு வீடு பூட்டிக் கெடந்துது. ஆனா அங்க போனா வார்டன் பொறுப்பை வேற ஆளுக்குக் கொடுத்துரணும். வேற ஆளுன்னா யாரு? பிசிக்ஸ்ல ஒருத்தரு இருந்தாரு, அவருக்கு அவரு ஸ்கூட்டர் சாவியவே பாத்துக்கிடத் தெரியாது. அவருகிட்ட இத்தனை பயலுவளையும் எப்படி விட்டுட்டுப் போறது? நீங்களே சொல்லுங்க, உங்க மகனை விடுவீயளா?

அந்த நேரம் பொண்ணு வீட்டுல, மாப்பிள்ளை வீடு பாக்க வாரோம்னு சொல்லி விட்டாவ. நம்ம பக்கத்துல அது ஒரு முறைதான, மாப்பிள்ளை எப்படி இருக்காரு, வீடு வாசல் எப்படின்னு ஒரு பார்வை பாத்துட்டுப் போறது. அக்கா தென்காசிக்கே வரச் சொல்லிருவோம்னா. நான் விடல. இருக்கதை இருக்கபடி காட்டணும்னு பெரிய அரிச்சந்திரன் மாதிரி பேசினேன்.

இந்தப் பயலுவளுக்கு எப்படித்தான் தெரிஞ்சுதோ. காலையில எந்திரிச்சுப் பாக்கேன், ஒரு விசிலுக்கே கதவு பூரா தெறந்து கெடக்கு. வராந்தாவைக் கழுவி விட்டிருக்கான். என் ரூம்ல புதுசா ஒரு திரை தொங்குது. மேசையில பூ ஜாடி. வாசல்ல ‘நல்வரவு’ன்னு போட்ட மிதியடி. சாக்ஸ் நாத்தம் தெரியப்படாதுன்னு படிக்குப் படி ஊதுவத்தி. கோயிலா ஆஸ்டலான்னு தெரியாத அளவுக்குப் புகை. செல்வின் மெஸ் மாஸ்டரைத் தாஜா பண்ணி கேசரி கிண்ட வச்சிருந்தான். ஒருத்தனும் வெளிய தலை காட்டப்படாதுன்னு நான் சொல்லியிருந்தேன். நேரம் வந்ததும் பாத்தா, தேய்ச்ச சட்டையப் போட்டுக்கிட்டு மாடிக் கைப்பிடியில வரிசையா நிக்கான்.

வேன் வந்து நின்னுது. பேச்சிமுத்து இறங்கினாரு, அவரு வீட்டம்மா, ஒரு சித்தி, எங்க அக்கா, கடைசியா வடிவு. தாவீது அண்ணன் கேட்டை ஆளு போற அளவுக்குத் தெறந்து பேச்சிமுத்துவை மட்டும் உள்ள விட்டாரு. மத்தவியளைப் பாத்துக் கையைக் காட்டி போர்டைக் காட்டினாரு. பொறவு என்னைத் திரும்பிப் பாத்தாரு.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பாரு. அது எனக்கும் தெரியும். ஆனா மாடியில பயலுவ அத்தனை பேரும் பாக்கான். எனக்காக ஒரு தடவை வளைச்சா, நாளைக்கு அவனவன் அத்தை மகளைக் கூட்டிக்கிட்டு வந்து நிப்பான். அப்ப நான் எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு தடுப்பேன்? அதனால கேட்டுக்கு நானே போயி, இன்ன மாதிரி, இது விதி, யாருக்கும் விலக்கு இல்லன்னு எடுத்துச் சொன்னேன். எங்க அக்கா கண்ணாலயே என்னைத் தின்னுட்டா.

பேச்சிமுத்துவுக்கு மட்டும் மொகம் மலந்து போச்சு. டெப்போவுல அவரும் இப்படித்தானாம், சொந்த மச்சானே ஓடி வந்தாலும் நேரமாச்சுன்னா பஸ்ஸை எடுக்கச் சொல்லிருவாராம். தனியா உள்ள வந்து ரூமைப் பாத்தாரு, மெஸ்ஸைப் பாத்தாரு, கேசரியை ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாரு. மாப்பிள்ளை ஒழுங்கான ஆளுன்னு என் தோள்ல தட்டினாரு. நான் பாஸாயிட்டோம்னு நெனைச்சேன்.

பெண்டுகளுக்கு மரத்தடியில பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொன்னேன். கையில கெடைச்சது மூணுதான். அவ அம்மா, சித்தி, எங்க அக்கா உக்காந்துட்டாவ. வடிவு மரத்துல கை வச்சிக்கிட்டு நின்னா. நான் கேசரி எடுத்துக்கிட்டுப் போனேன். அவ போர்டைப் படிச்சிக்கிட்டு இருந்தா.

“தாயார் உட்படன்னு இருக்கு. பொண்டாட்டின்னு தனியா போடலியே”னா.

பெண்கள்னாலே எல்லாரும் அதுல அடங்கிருதுல்லா, தாயாருன்னு தனியா போட்டது அவியதான் சண்டைக்கு வாராவங்கிறதுனாலன்னு விளக்கம் சொன்னேன். நல்லா விவரமாத்தான் சொன்னேன். அவ கேட்டுக்கிட்டே இருந்தா. கேசரியைத் தொடல. மாடியில பயலுவ நிக்கதை ஒரு தடவை நிமிந்து பாத்தா. செல்வின் கையைக் காட்டினான், இவளும் லேசா கையைக் காட்டினா.

பொறவு என்னைப் பாத்துக் கேட்டா. “கல்யாணத்துக்கு அப்புறம் என்னை உள்ள விடுவீங்களா சார், இல்ல நீங்க வெளிய வருவீங்களா?”

நான் என்ன சொல்ல முடியும் அண்ணாச்சி? உள்ளதைத்தான் சொன்னேன். உள்ள விடுறதுக்கு ரூல்ல இடமில்லன்னு சொன்னேன். வெளிய வாரதுன்னா, இந்த செமஸ்டர் முடியட்டும்னு சொன்னேன். அவ சரின்னு தலையாட்டினா. வேன்ல ஏறும்போது மறுபடியும் மாடியைத்தான் பாத்தா.

மறுநாள் காலையில பாத்தா போர்டுல அந்த வரியைக் காணோம். வெள்ளை பெயிண்ட் அடிச்சு சுத்தமா அழிச்சிருக்கான். எனக்கு வந்துது பாருங்க ஒரு கோவம். வராந்தாவுல எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு கையைப் பாத்தேன். செல்வின் முழங்கையில வெள்ளை. அவனையே பிரஷ் எடுத்து வந்து திருப்பி எழுத வச்சேன். பய மறுபேச்சுப் பேசாம எழுதினான். கடைசியில ஏணியில நின்னுக்கிட்டே திரும்பி, “சார், ‘வார்டன் வீட்டம்மா தவிர’ன்னு சேத்து எழுதிரட்டா?”ன்னு கேட்டான்.

கொழுப்பைப் பாத்தீயளா? எனக்கு வீட்டம்மாவே இல்ல, இல்லாத ஆளுக்கு எதுக்குல விலக்குன்னு அதட்டினேன். அந்த ஞாயித்துக்கிழமை அவனுக்குக் கோழி கிடையாதுன்னுட்டேன். அன்னைக்கு மாடி முழுக்க ஒரு பயலும் கோழி வாங்கல. அத்தனை பேருக்கும் ஒரே நாள்ல வயிறு சரியில்லையாம். மெஸ் மாஸ்டர் என்னைத்தான் திட்டினாரு.

அந்த செமஸ்டர் முடிஞ்சுது. முடிஞ்சுதுன்னு சொல்லுதேன், எங்க முடிஞ்சுது? அரியர் பரீட்சைக்குப் பாதிப் பேரு இங்கனயே தங்கிட்டான். அதை விட்டுட்டு எப்படிப் போக? அப்புறம் அடுத்த செமஸ்டர். அது முடிய அட்மிஷன். புதுசா வந்த சின்னப் பயலுவ அம்மாவை நெனைச்சு அழுவான், அவனுவ தேறி வர தீபாவளி ஆயிரும். பேச்சிமுத்து ஃபோன் பண்ணுவாரு, நான் செமஸ்டர் கணக்குச் சொல்லுவேன். நேரத்துக்கு பஸ்ஸை எடுக்கிற மனுஷன், அவரும் எவ்வளவுதான் நிப்பாரு. வடிவும் மொதல்ல அடிக்கடி பேசுவா, பொறவு நான் பேசினா பேசுவா, பொறவு ரிங் போயிக்கிட்டே இருக்கும். அப்பவும் ஒரு தடவை எடுத்து, செல்வின் பாஸாயிட்டானான்னு மட்டும் கேட்டா.

சாத்தூர்ல லாரி புக்கிங் ஆபீஸ் வச்சிருக்க ஒருத்தருக்கு அவளை முடிச்சிட்டாவ. கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாவ. போனேன். போகாம இருந்தா மனசுல என்னமோ வச்சிருக்கேன்னு நெனைச்சுருவாவல்லா. மண்டபத்து வாசல்ல போயி நின்னேன். உள்ள போக என்னமோ கால் வரல. அந்த நேரம் பொண்ணு அழைப்பு கார் வந்து நின்னுது. இறங்கினவ, அவ்வளவு கூட்டத்துலயும் என்னைப் பாத்துட்டா.

“ஏன் சார் வெளிய நிக்கீங்க? உள்ள வாங்க. இங்க எல்லாருக்கும் அனுமதி உண்டு”ன்னா.

நல்ல மரியாதை தெரிஞ்ச பொண்ணு. கல்யாண அலங்காரத்துல, அவ்வளவு பரபரப்புலயும் ஒரு ஆளை நின்னு உபசரிக்கணும்னு தோணுதே, அது பெரிய விஷயம். ஆனா எனக்குப் பந்தியில சோறு இறங்கல. பாயசத்தைக்கூட அப்படியே வச்சிட்டு எந்திரிச்சிட்டேன். அக்கா ஏன்னு கேட்டா. மெஸ் சாப்பாட்டுல பழகின நாக்கு, நல்ல சாப்பாடு ஒத்துக்கிடலன்னு சொல்லி வச்சேன். கஷ்டமாத்தான் இருந்துது அண்ணாச்சி. இல்லைன்னு சொன்னா அது பொய்யி. பஸ்ல வரும்போது ஜன்னல் பக்கமே திரும்பி உக்காந்து வந்தேன்.

திரும்பி வந்து ரொம்ப யோசிச்சேன். எங்கதான் தப்பு நடந்துதுன்னு ஒண்ணொண்ணா எடுத்து வச்சுப் பாத்தேன். கேசரி நல்லாத்தான் இருந்துது. அவிய அப்பாவுக்கு என்னைப் பிடிச்சுத்தான் இருந்துது. கடைசியில பிடிபட்டுருச்சு. வடிவு அன்னைக்கு அவ்வளவு நேரமும் நின்னுக்கிட்டே இருந்தா. நாற்காலி ஒண்ணு கொறைஞ்சு போச்சு. வீடு பாக்க வந்த பொண்ணை நிக்க வச்சா யாருக்குத்தான் மனசு கசக்காது? மறுவாரமே கொத்தனாரைக் கூட்டி வந்து அந்த சிமெண்டு பெஞ்சைப் போட்டேன். இனிமே யாரு வந்தாலும் அங்க நிக்க வேண்டாம்.

என்ன கேக்கீய? போர்டை மாத்தியிருக்கலாமேன்னா? செல்வினும் இதையேதான் கேட்டான், படிப்பு முடிச்சுப் போற அன்னைக்கு. கேட்டுட்டு, பெரிய மனுஷன் மாதிரி என் கையைப் பிடிச்சுத் தட்டிக் கொடுத்துட்டுப் போனான். இப்ப ஓசூர்ல கம்பெனியில இருக்கான், பொங்கலுக்கு ஃபோன் போடுவான். எடுத்ததும் கேக்குற கேள்வி, சார் இன்னும் அந்த ரூம்லதான் இருக்கீங்களா. வேற எங்கல இருப்பேன்னு சொல்லுவேன். ரூல் வேற, பெஞ்சு வேற அண்ணாச்சி. இந்தப் பயலுவளுக்குத்தான் அது புரியமாட்டேங்கு.

இந்தா, உங்க மகன் வந்துட்டான். பாத்தீயளா, பக்கெட்டுக்கு மூடி இல்ல. பரவாயில்ல, நான் ஒண்ணு தாரேன். தம்பி, ரூம் மேல, ஜன்னல் கெழக்க பாத்து இருக்கும். அம்மாகிட்ட போயி நல்லா விவரமா சொல்லிட்டு வா, காத்து வரும், கட்டில் ஆடாது, கவலைப்பட வேண்டாம்னு. நான் இங்கனதான் இருக்கேன்னும் சொல்லு. குவார்ட்டர்ஸ் இப்பவும் பூட்டித்தான் கெடக்கு அண்ணாச்சி, கரஸ்பாண்டென்ட் நேத்துகூட கேட்டாரு. இந்த செமஸ்டர் முடியட்டும்னு சொல்லியிருக்கேன்.

போகும்போது வீட்டம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க, பெஞ்சு உக்கார வசதியா இருந்துதான்னு. அளவு பாத்துப் போட்டது. பெண்டுகள் நாலு பேரு தாராளமா உக்காரலாம்.